ஆட்டிச நிலையிலுள்ள வயதுவந்தோருக்கான தொழில்நெறி வழிகாட்டல்: நேர்காணல் தடையும் பணியிடப் பொருத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம் குறித்த ஆய்வுகளும் சேவைகளும் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தை மையமாகக் கொண்டவை. அக்குழந்தைகள் வளர்ந்து வேலை தேடும் பருவத்தை அடையும்போது அவர்களுக்குக் கிடைக்கும் வழிகாட்டல் மிகக் குறைவு. கிடைக்கும் வழிகாட்டலும் ஏனையோரைப் போல் தோன்றப் பழக்குவதையே நோக்கமாகக் கொண்டிருப்பதுண்டு. அத்தகைய பயிற்சி வேலையைப் பெற்றுத் தரலாம்; ஆயின் அவ்வேலையில் நிலைத்திருக்க அது துணைசெய்வதில்லை. நேர்காணல் என்னும் தேர்வு முறை, தம் இயல்பை மறைத்து ஒழுகுதலால் விளையும் கேடு, பணியிடத்திலேயே பயிற்றும் முறை, இந்தியச் சட்டம் தரும் உரிமை ஆகியவற்றை ஆராய்ந்து, வழிகாட்டலின் முதற்கடமை ஆளுக்கும் பணிக்கும் இடையிலான பொருத்தத்தைக் கண்டறிந்து, அதனைப் பணி வழங்குநரிடம் தெளிவான கோரிக்கையாக முன்வைக்கத் துணைநிற்பதே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், தொழில்நெறி வழிகாட்டல், நேர்காணல், மறைத்தொழுகல், பணியிடப் பொருத்தம், வசதி ஏற்பாடு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016.

முன்னுரை

ஐக்கிய இராச்சியத்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2020ஆம் ஆண்டுக்கெனத் திரட்டிய தரவுகளின்படி, வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிச நிலையினருள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினரே வேலையில் இருந்தனர். அதே காலத்தில் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் அனைவரையும் சேர்த்து நோக்கினால் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வேலையில் இருந்தனர். முன்னாள் அமைச்சர் இராபர்ட் பக்லண்ட் தலைமையில் நிகழ்ந்து 2024 பிப்ரவரியில் வெளியான அரசு ஆய்வறிக்கையும், ஆட்டிச நிலையினர் பத்துப் பேரில் மூவர் அளவிலேயே வேலை பெற்றிருப்பதைச் சுட்டியது. 2009இல் ஆட்டிசத்துக்கெனத் தனிச் சட்டமும், 2010இல் சமத்துவச் சட்டமும் இயற்றிய ஒரு நாட்டின் நிலை இது.

இந்நிலைக்குத் திறமைக் குறைவு காரணமா, திறமையை அளக்கும் முறை காரணமா என்னும் வினா இங்கு எழுகிறது. திறமைக் குறைவே காரணம் எனின், வழிகாட்டுநரின் வேலை ஆளைத் திருத்துவதாகும். அளக்கும் முறையே காரணம் எனின், அவ்வேலை ஆளோடு நின்றுவிட இயலாது. தேர்வு முறையையும் பணியிடத்தையும் நோக்கி அது விரிய வேண்டும். இவ்விரண்டனுள் எதனை ஆய்வுகள் ஆதரிக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் இங்குத் தேவைப்படுகிறது. ஆட்டிசத்தைக் குறிக்க 'மதியிறுக்கம்', 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' முதலிய சொற்கள் தமிழில் வழங்குகின்றன. 'இறுக்கம்', 'அற்ற' என்பன குறையை மட்டுமே முன்னிறுத்துவதாலும், புற உலகை மிக நுட்பமாக உணர்வதே பலருக்கு இடர்ப்பாடாக இருப்பதாலும், 'ஆட்டிசம்', 'ஆட்டிச நிலையினர்' என்னும் வழக்குகளே இக்கட்டுரையில் ஆளப்படுகின்றன.

1. குழந்தையிலிருந்து பணியாளருக்கு

ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக விளக்கிய லியோ கானர், 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1980இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கையேடு இந்நிலையை 'மழலைப் பருவ ஆட்டிசம்' என்றே பெயரிட்டு வகைப்படுத்தியது. 2013இல் வெளியான ஐந்தாம் கையேட்டில்தான் ஆஸ்பெர்கர் நிலை உள்ளிட்ட பல வகைகள் ஒன்றிணைக்கப்பட்டு, ஆட்டிசம் வாழ்நாள் முழுதும் தொடரும் ஓர் அலைவரிசையாகக் கொள்ளப்பட்டது. சமூகத் தொடர்பில் உள்ள வேறுபாடுகள் ஒருபுறமும், குறிப்பிட்ட ஈடுபாடுகளில் ஆழ்தல், மாறா ஒழுங்கை விரும்புதல், புலனுணர்வில் மிகுதி அல்லது குறைவு ஆகியன மறுபுறமும் இதன் அடையாளங்கள். பெயர் மாறியபோதிலும் சேவைகளின் அமைப்பு மாறவில்லை. சிறப்புப் பள்ளிகளும் இளம்பருவத் தலையீட்டு மையங்களும் பெருகிய அளவுக்கு, வயதுவந்தோரின் பணிவாழ்வுக்குத் துணைநிற்கும் அமைப்புகள் பெருகவில்லை.

கானர் விளக்கிய பதினொருவரின் பிற்கால வாழ்வு இப்பொருளில் குறிப்பிடத்தக்கது. 1971இல் அவரே அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். அரசு மனநலக் காப்பகங்களில் சேர்க்கப்பட்டோர் முன்பிருந்த திறன்களையும் இழந்திருந்தனர். முதல் குழந்தையாகக் குறிக்கப்பட்ட டொனால்டு டிரிப்லெட்டின் வாழ்வோ வேறு வழியில் சென்றது. அவர் சிறுவனாக இருந்தபோது மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு வேளாண் தம்பதியரின் இல்லத்தில் சில காலம் தங்கவைக்கப்பட்டார். எண்ணுவதிலும் அளப்பதிலும் அவருக்கிருந்த தீரா ஈடுபாட்டை அத்தம்பதியர் தடுக்க முயலவில்லை. உழும்போது மக்காச்சோள வரிசைகளை எண்ணச் செய்தனர். கிணறு தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தனர். அவர் பின்னர்ப் பட்டம் பெற்று, தம் தாய்வழிக் குடும்பத்தார் தொடங்கிய வங்கியில் 60 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியோடு தொடர்பு கொண்டிருந்து, 2023இல் மறைந்தார்.

குடும்பத்தின் செல்வமும் செல்வாக்கும் இவ்வாழ்வுக்குப் பெருந்துணையாக இருந்தன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அவ்வேளாண் குடும்பம் செய்தது, தொழில்நெறி வழிகாட்டல் என்னும் பெயரின்றி நிகழ்ந்த தொழில்நெறி வழிகாட்டலே எனலாம். 'குறி' என்று மருத்துவம் கண்டதை அவர்கள் 'திறன்' என்று கண்டு, அதற்கேற்ற வேலையைத் தேடினர். ஆளின் இயல்பு மாறவில்லை. அவ்வியல்புக்கு ஓர் இடம் அமைந்தது.

2. வழிகாட்டல் மரபின் அடிப்படை

தொழில்நெறி வழிகாட்டல் ஒரு துறையாக உருப்பெற்றது பிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய தொழில் வழிகாட்டு நிலையத்தின் வழியாகவே. அவர் மறைந்த பின் 1909இல் வெளியான நூல், தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்தி ஆராய்ந்து முடிவெடுத்தல் என்னும் மூன்று கூறுகளை இத்துறைக்கு வகுத்துத் தந்தது. பின்வந்த கோட்பாடுகள் பலவும் இம்மூன்றன் விரிவாக்கங்களே.

இப்பொருத்தத்தைக் காணும் பொறுப்பு எவருடையது என்பது ஆராயத்தக்கது. பார்சன்ஸின் முறையில் அது வேலை தேடுவோருக்கு உரியது, வழிகாட்டுநர் துணைநிற்பவர். தமிழ் மரபிலோ திருக்குறளின் 52ஆம் அதிகாரமான 'தெரிந்து வினையாடல்' இதே பொருத்தத்தை வேலையை ஒப்படைப்போரின் கடமையாக வைத்துப் பேசுகிறது. ஆட்டிச நிலையினரின் பணிவாழ்வைப் பொறுத்தவரை இரண்டு நோக்குகளும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. தன்னை அறிதலும் தொழிலை அறிதலும் நிறைவாக அமைந்தாலும், வேலையளிப்போர் ஆராயும் முறை பிழைபட்டிருப்பின் பொருத்தம் கைகூடுவதில்லை. அப்பிழை வெளிப்படும் இடம் நேர்காணல் அறையாகும்.

3. நேர்காணல் எதனை அளக்கிறது?

நேர்காணல் என்பது பணியின் மாதிரி அன்று. கணக்குகளைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தவரும், நூல்களைப் பகுத்து அடுக்கும் வேலைக்கு வந்தவரும், முன்பின் அறியாத மூவர் அல்லது நால்வர் முன்னிலையில், எதிர்பாரா வினாக்களுக்கு, கண்ணோடு கண் நோக்கி, உடனடியாக விடையளிக்கும் திறனால் அளக்கப்படுகின்றனர். அவ்வேலைகளில் அத்திறன் எவ்வளவு தேவைப்படும் என்பது பெரும்பாலும் வினவப்படுவதில்லை.

நோவா சாசன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இத்தடையின் தன்மையைத் தெளிவாக்குகிறது. ஆட்டிச நிலையினரையும் ஏனையோரையும் சில நொடிகளே கண்ட பார்வையாளர்கள், ஆட்டிச நிலையினரைக் குறைவாக மதிப்பிட்டதோடு, அவர்களோடு பழகவும் தயக்கம் காட்டினர். ஆனால் அதே பேச்சின் எழுத்து வடிவத்தை மட்டும் படித்தவர்களிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பேசப்பட்ட பொருளில் குறை இல்லை. குரலின் ஏற்றத்தாழ்வு, முகக்குறிப்பு, உடலசைவு ஆகியவற்றின் வழியாகவே எதிர்மறை மதிப்பீடு உருவாகியுள்ளது. நேர்காணலின் முதல் நிமிடங்களில் தேர்வாளர் மனத்தில் நிகழ்வதும் இத்தகையதே.

டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த 'இருதரப்புப் புரிதற் சிக்கல்' என்னும் கருத்து இதற்கு விளக்கம் தருகிறது. ஆட்டிச நிலையினர் பிறரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுவது போன்றே பிறரும் அவர்களைப் புரிந்துகொள்ள இடர்ப்படுகின்றனர் என்பது அவர் கூற்று. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் இதனை 2020இல் சோதித்தனர். எட்டுப் பேர் கொண்ட சங்கிலியில் ஒருவர் சொன்ன கதையை அடுத்தவர் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆட்டிச நிலையினர் மட்டும் இருந்த சங்கிலியில் செய்தி, ஏனையோர் மட்டும் இருந்த சங்கிலிக்கு இணையாகவே கடத்தப்பட்டது. இருவகையினரும் கலந்திருந்த சங்கிலியில்தான் செய்தி மிகுதியாகச் சிதைந்தது. சிதைவு தோன்றும் இடம் இருதரப்புக்கும் இடையில் என்பதே இதன் பொருள்.

பாத் பல்கலைக்கழகத்தின் கேட்டி மாராஸ் குழுவினர் நேர்காணல் வினாக்களின் வடிவத்தை மாற்றிப் பார்த்தனர். பொதுப்படையான வினாக்களைக் குறிப்பானவையாக்கியபோது ஆட்டிச நிலையினரின் விடைகள் மேம்பட்டன; ஏனையோரின் விடைகளும் மேம்பட்டன. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்னும் வினாவுக்கு எங்குத் தொடங்கி எங்கு முடிப்பது என்பதை ஊகித்தாக வேண்டும். 'இப்பணிக்குப் பொருந்தும் வகையில் நீங்கள் முன்பு செய்த வேலை ஒன்றனை விளக்குங்கள்' என்னும் வினாவில் அவ்வூகம் தேவைப்படுவதில்லை. வினாவைத் தெளிவாக்குவது சலுகையன்று, அளவுகோலைச் செம்மைப்படுத்துவதாகும்.

4. மறைத்தொழுகலும் அதன் விலையும்

நேர்காணலின் வடிவம் மாறாத சூழலில், வழிகாட்டுநர் பலர் எளிய வழியொன்றனை நாடுகின்றனர். கண்ணைப் பார்த்துப் பேசுதல், புன்னகைத்தல், கைகளை அசைக்காதிருத்தல், ஆர்வமுள்ள பொருளைப் பற்றி நீண்டு பேசாதிருத்தல் என ஏனையோரின் நடத்தையை ஒப்பித்துப் பழகச் செய்கின்றனர். தம் இயல்பை மறைத்து ஒழுகும் இவ்வழக்கத்தை லாரா ஹல் குழுவினர் 2017இல் விரிவாக ஆராய்ந்தனர். மறைத்தொழுகுவோர் அதனால் வேலையும் நட்பும் பெறுவதாகக் கூறியதோடு, கடுமையான களைப்பையும், தாம் யார் என்பதே தமக்கு ஐயமாகும் நிலையையும் குறிப்பிட்டனர். சாரா காசிடி குழுவினரின் 2018ஆம் ஆண்டு ஆய்வு, மறைத்தொழுகலுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. டோரா ரேமேக்கர் குழுவினர் 2020இல் விளக்கிய 'ஆட்டிசப் பெருஞ்சோர்வு' என்னும் நிலையிலோ, நீடித்த களைப்போடு முன்பிருந்த திறன்களும் இழக்கப்படுகின்றன.

நேர்காணலில் அரை மணி நேரம் நடிக்க இயலும் ஒருவர், வேலை கிடைத்தபின் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஆண்டு முழுதும் நடித்தாக வேண்டும். தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டது அந்த நடிப்பைத்தான் என்பதால் அதனை இடையில் நிறுத்தவும் இயலாது. தமக்குத் தேவையான மாற்றத்தைக் கேட்கவும் இயலாது. சில மாதங்களில் அவர் வேலையை விட்டு நீங்கினால் அது அவருடைய தோல்வியாகவே பதிவாகிறது. வேலையில் சேர்ந்தோர் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடும் வழிகாட்டு அமைப்பின் ஏட்டிலோ அது வெற்றியாகவே நிற்கிறது. ஆதலின் வழிகாட்டலின் பயனை அளப்பதற்கு வேலையில் சேர்ந்தமையைவிட, ஓராண்டு, ஈராண்டு கழிந்தும் உடல்மன நலத்தோடு அவ்வேலையில் நீடித்தமையே தகுந்த அளவுகோலாகும்.

நேர்காணலுக்கு முன்கூட்டியே ஆயத்தமாதல் தவறு என்பது இதன் கருத்தன்று. வினாக்களின் நோக்கத்தை விளக்குவதும், விடைகளை ஒழுங்குபடுத்த உதவுவதும் வழிகாட்டுநரின் கடமைகளே. தகவலைச் சேர்க்கும் பயிற்சிக்கும் இயல்பை மறைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

5. பணியிடமே பயிற்சிக் களம்

முதலில் பயிற்சி, தகுதி வந்தபின் பணி என்பது மறுவாழ்வுத் துறையின் பழைய முறை. பாதுகாக்கப்பட்ட பயிற்சிக் கூடங்களில் மெழுகுவத்தி செய்தும் காகித உறை ஒட்டியும் பல ஆண்டுகள் கழித்தோருக்கு அத்தகுதி வரும் நாள் வருவதே இல்லை. ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் பொருத்துவது ஆட்டிச நிலையினர் பலருக்குக் கடினம் என்பதால் இம்முறை அவர்களுக்கு மேலும் பொருந்தாததாகிறது. இதற்கு மாற்றாக எழுந்ததே, முதலில் பணியில் அமர்த்தி அப்பணியிடத்திலேயே துணையாளர் ஒருவரைக் கொண்டு பயிற்றும் 'துணையுடன் கூடிய பணி' என்னும் முறை.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் தொடங்கிய 'பிராஜெக்ட் சர்ச்' இம்முறையின் நன்கறியப்பட்ட வடிவமாகும். பள்ளியின் இறுதியாண்டு மாணவர்கள் மருத்துவமனையின் வெவ்வேறு பிரிவுகளில் சுழற்சி முறையில் உண்மைப் பணியைச் செய்து கற்கின்றனர். பால் வேமன் தலைமையிலான குழு இதனை ஆட்டிச நிலையினருக்கேற்பத் தகவமைத்து வர்ஜீனியாவில் சோதித்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டது. இம்முறையில் பயின்ற 24 பேரில் 21 பேர், அதாவது 87.5 விழுக்காட்டினர் வேலை பெற்றனர். வழக்கமான சேவையை மட்டும் பெற்ற 16 பேரில் ஒருவரே, அதாவது 6.25 விழுக்காட்டினரே வேலை பெற்றார். எண்ணிக்கை சிறிதாயினும், இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிது. ஆட்டிசத்தின் தன்மையே வேலையின்மைக்குக் காரணம் எனின் இவ்வேறுபாடு தோன்ற வழியில்லை.

தனியார் துறையிலும் இதையொத்த முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. ஆட்டிச நிலையிலுள்ள மகனின் தந்தையாகிய தோர்கில் சோன், 2004இல் டென்மார்க்கில் 'ஸ்பெஷலிஸ்டர்ன்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். வினா-விடை நேர்காணலுக்கு மாற்றாக, லெகோ எந்திரன் தொகுப்புகளைக் கொண்டு செயல்களைச் செய்யவைத்து அந்நிறுவனம் திறனைக் கண்டறிந்தது. இதனோடு இணைந்து ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் 2013இல் உலகளாவிய திட்டமொன்றனை அறிவித்தது. அத்திட்டத்தின் தொடக்கநிலை முயற்சிகளுள் ஒன்று பெங்களூரில் நிகழ்ந்தது என்பதும், அங்கு ஆட்டிச நிலையினர் மென்பொருள் சோதனைப் பணியில் அமர்த்தப்பட்டனர் என்பதும் இந்திய ஆய்வாளர் கருதத்தக்கன.

இம்முயற்சிகளின் புகழால் ஆட்டிச நிலையினர் அனைவரும் கணினியில் வல்லவர் என்னும் மற்றொரு தவறான பொதுமைக் கருத்து பரவியுள்ளது. கால்நடைகளைக் கையாளும் அமைப்புகளை வடிவமைத்துப் புகழ்பெற்ற டெம்பிள் கிராண்டினின் வாழ்வே இதற்கு மறுப்பாகும். அச்சகம், தோட்டக்கலை, தையல், ஆவணக் காப்பகம், சமையற்கூடம் என ஈடுபாடும் திறனும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பேச்சு அரிதாக உள்ளோரும் அறிவுத்திறன் குறைபாடு உடன் உள்ளோரும் இவ்வுரையாடலிலிருந்தே விடுபட்டுவிடுகின்றனர். அவர்களுக்குத் தேவைப்படும் துணை மிகுதியானது. அது நீண்ட காலம் தொடர வேண்டியது. அதனால் அவர்கள் வழிகாட்டலுக்கு உரியோர் அல்லர் என்றாகாது.

6. வழிகாட்டலின் செயல்முறை

மேற்கண்ட ஆய்வுகளின் அடிப்படையில் வழிகாட்டலைப் பின்வரும் படிநிலைகளாக வகுக்கலாம்.

முதலாவது, புலனுணர்வு விவரம் திரட்டல். எந்த ஒலி, ஒளி, மணம், நெரிசல் தாங்க இயலாதது. நாளின் எப்பொழுதில் கவனம் கூடுகிறது. பயணம் எவ்வளவு களைப்பூட்டுகிறது என்பன முதலில் பதிவு செய்யப்பட வேண்டும். வேலையைக் கைவிடச் செய்யும் காரணங்களுள் பல வேலைக்கு வெளியே, பேருந்தின் நெரிசலிலும் அறையின் குழல்விளக்கிலும் உள்ளன.

இரண்டாவது, ஈடுபாட்டின் உள்ளமைப்பை அறிதல். தொடர்வண்டிகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஒருவரைத் தொடர்வண்டித் துறைக்கு அனுப்புவது மேலோட்டமான முடிவு. அவரை ஈர்ப்பது கால அட்டவணையா, எந்திர அமைப்பா, நிலைய வரலாறா என்பதைப் பொறுத்து அவருக்கேற்ற தொழில் மாறும்.

மூன்றாவது, பணியைக் கூறுபடுத்தல். கல்லூரி நூலகப் பணியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நூல்களைப் பதிவேட்டில் ஏற்றுதல், பகுப்பெண் இடுதல், அடுக்கில் ஒழுங்கு செய்தல், வழங்குமிடத்தில் மாணவர் கூட்டத்தை எதிர்கொள்ளுதல் ஆகியன ஒரே பதவிக்குள் அடங்கியவை. முதல் மூன்றிலும் சிறந்து விளங்கக்கூடிய ஒருவர் நான்காவதன் பொருட்டு மறுக்கப்படுகிறார். அந்நான்காவதைச் சக பணியாளர் ஏற்று, அவருடைய பதிவுப் பணியை இவர் ஏற்பின் பணியளவு குறைவதில்லை. பணிப் பங்கீடே மாறுகிறது.

நான்காவது, பணிமாதிரித் தேர்வு. நேர்காணலுக்கு மாற்றாகவோ துணையாகவோ, சில நாள்கள் அப்பணியையே செய்து காட்ட வாய்ப்பளிக்குமாறு பணி வழங்குநரிடம் வழிகாட்டுநர் கோரலாம். இது ஊதியமற்ற நீண்ட உழைப்பாகத் திரிந்துவிடாதவாறு கால எல்லையையும் ஊதியத்தையும் முன்கூட்டியே வரையறுத்தல் இன்றியமையாதது.

ஐந்தாவது, வெளிப்படுத்தல் பற்றிய முடிவு. தம் நிலையைச் சொல்வதா, எப்போது, எவரிடம், எந்த அளவில் சொல்வது என்பது வேலை தேடுவோரின் உரிமை. 'எனக்கு ஆட்டிசம் உள்ளது' என்னும் அறிவிப்பு மட்டும் கேட்போரிடம் முன்முடிவுகளையே எழுப்பும். 'வேலைகளை எழுத்தில் தந்தால் பிழையின்றி முடிப்பேன். கூட்டத்தின் பொருள் முதல்நாளே தெரிந்தால் ஆயத்தமாக வருவேன். ஒலியடக்கி அணிந்து பணிபுரிய இசைவு வேண்டும்' என்னும் கோரிக்கையோ செயற்படுத்தத் தக்கது. முதற்கூற்றை இரண்டாம் கூற்றாக மாற்றித் தருவதே வழிகாட்டுநரின் தலையாய பணி.

ஆறாவது, தொடர்துணை. பணியில் சேர்ந்த முதல் மாதங்களில் அடிக்கடியும், பின்னர் இடைவெளி விட்டும் பணியாளரையும் மேற்பார்வையாளரையும் சந்தித்தல் வேண்டும். மேற்பார்வையாளர் மாறும்போதும் இடம் மாறும்போதும் இத்துணை மீண்டும் தேவைப்படும்.

7. தமிழ்ப் பணியிட உரையாடல்

மேலைநாட்டுப் பயிற்சிக் கையேடுகளை அவ்வாறே மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதில் இடர் உண்டு. தமிழ்ப் பணியிடங்களில் கட்டளை பெரும்பாலும் கட்டளை வடிவில் வருவதில்லை. 'முடிந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்' என்று மேலாளர் கூறும்போது 'முடிந்தால்' என்பது நிபந்தனையன்று, மரியாதை. சொற்பொருளை அவ்வாறே கொள்ளும் ஒருவர் அதனை நிபந்தனையாகக் கொண்டு, முடியாமையால் அனுப்பாதிருப்பார். அது அலட்சியமாகக் கருதப்படும். 'பார்த்துக்கொள்ளலாம்' என்பது இசைவா மறுப்பா என்பதைக் குரலே சொல்லும், சொல் சொல்லாது. 'சாப்பிட்டாச்சா?' என்பது வினா வடிவில் அமைந்த நலம் விசாரிப்பு.

கண்நோக்கு பற்றிய கருத்தும் இத்தகையதே. மேற்கத்திய நேர்காணல் மரபு கண்ணோடு கண் நோக்குதலை நேர்மையின் அடையாளமாகக் கொள்கிறது. மூத்தோர் முன் பார்வையைத் தாழ்த்துதல் பணிவாகக் கொள்ளப்படும் வழக்கம் தமிழ்ச் சமூகத்தில் இன்றும் உண்டு. ஒரே செயல் ஓரிடத்தில் தகுதிக் குறைவாகவும் மற்றோரிடத்தில் பண்பாகவும் கொள்ளப்படுவதால், அது திறமையின் அளவுகோலாக இருத்தற்குத் தகுதியற்றது என்பது விளங்கும். பணியிடத் தமிழின் மறைமுக வேண்டுகோள்கள், மரியாதை வடிவங்கள், மறுப்பு உத்திகள் ஆகியவற்றைப் பயன்வழியியல் நோக்கில் தொகுத்து விளக்கும் ஆய்வுகள் வழிகாட்டுநருக்கு நேரடியாகப் பயன்படும். மொழியியல் ஆய்வாளர் பங்களிக்கத்தக்க களம் இது.

8. இந்தியச் சட்டமும் கோரும் உரிமையும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அவற்றுள் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றபோதிலும், அரசு வேலையில் இடஒதுக்கீட்டை அது வழங்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டுச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, 34ஆம் பிரிவின்வழி அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கியது. அதில் ஒரு விழுக்காடு ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பொதுவாக உரியது.

இவ்வொதுக்கீட்டுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். அதனை அளக்கப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் ஆறு களங்களில் 40 கூறுகளைக் கொண்டது. அது உரிமைக்கான வாயிலைத் திறக்கிறது. எந்த வேலை பொருந்தும் என்பதை அது சொல்வதில்லை. அதன் மதிப்பெண்ணையே தொழில் தகுதியின் அளவாகக் கொள்வது பிழை.

ஒதுக்கீட்டைவிடப் பரந்த உரிமையொன்றும் இச்சட்டத்தில் உண்டு. தேவைக்கேற்ற வசதி ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்று இது வரையறுக்கிறது. 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள் அவ்வேற்பாட்டைச் செய்து தருவதைக் கடமையாக்குகிறது. 21ஆம் பிரிவு நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்கப் பணிக்கிறது. விகாஷ் குமார் எதிர் ஒன்றியப் பொதுப் பணித் தேர்வாணையம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று அளித்த தீர்ப்பு இதற்கு உரமூட்டியது. எழுதுவதில் இடர்ப்பாடுள்ள தேர்வர் ஒருவர், 40 விழுக்காட்டு எல்லைக்குள் வராதவராயினும், எழுத்தர் உதவிக்கு உரியவர் என்று அத்தீர்ப்பு கூறியது. வசதி ஏற்பாட்டுக்கான உரிமையை அவ்வெல்லையோடு பிணைக்க இயலாது என்பது அதன் சாரம். சான்றிதழில் குறைந்த விழுக்காடு பெற்று ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கும் ஆட்டிச நிலையினர் பலருக்கு இத்தீர்ப்பே பற்றுக்கோடாகும்.

ஆயினும் வசதி ஏற்பாடு கோராதவரைத் தேடி வருவதில்லை. எது தேவை என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கே அது பயன்தருகிறது. சொல்வதிலேயே இடர்ப்பாடுள்ளோருக்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. சட்டத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலான இவ்விடைவெளியை நிரப்ப வல்லது முறையான தொழில்நெறி வழிகாட்டலே. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் இயங்கி வருவதால், இதற்குப் புதிய அமைப்பொன்றை உருவாக்கும் தேவையில்லை. அம்மையங்களின் அலுவலர்களுக்கு உரிய பயிற்சி அளிப்பதே முதற்படியாக அமையும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• ஆட்டிச நிலையினரின் வேலையின்மைக்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணம் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. தேர்வு முறையும் பணியிட அமைப்பும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

• இயல்பை மறைக்கப் பழக்கும் வழிகாட்டல் உடல்மன நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடியது. வேலையில் நிலைத்திருக்கவும் அது துணைசெய்வதில்லை.

• பணியிடத்திலேயே துணையுடன் பயிற்றும் முறை, பயிற்சி முடித்துப் பணி தேடும் முறையினும் மிகுந்த பயனளிப்பதாகத் தெரிகிறது.

• வழிகாட்டலின் வெற்றியைப் பணியில் நீடித்த காலத்தையும் நலத்தையும் கொண்டே அளவிட வேண்டும்.

• தமிழ்ப் பணியிட மொழிவழக்குகளைக் கருத்தில் கொண்ட வழிகாட்டல் ஏடுகள் உருவாக்கப்பட வேண்டும்.

இப்பொறுப்பு வேலைவாய்ப்பு அலுவலகங்களோடு முடிவதில்லை. ஆட்டிச நிலையிலுள்ள இளைஞர் பலர், அந்நிலை கண்டறியப்படாமலேயே கல்லூரி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கக்கூடும். எழுத்துத் தேர்வில் முதன்மை பெற்று வாய்மொழித் தேர்வில் தடுமாறும் மாணவரை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். வினாக்களைக் குறிப்பாகக் கேட்பதும், எழுத்தில் தருவதும், எண்ணி விடையளிக்கக் காலம் ஒதுக்குவதும் எவ்விதச் செலவும் இல்லாதவை. அனுமதி ஏதும் தேவைப்படாதவை. பல்கலைக்கழகத் தேர்வுக் குழுக்களும் வளாக வேலைவாய்ப்புப் பிரிவுகளும் இம்மாற்றங்களை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க இயலும்.